மூன்று இடத்தில் ஒரே இலக்கம்

இவர் அந்தக் காரை அந்த நேரத்தில் ஏன் வாங்கினார் என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் தெரியுமா என்ன! 2009 மார்ச் மாதம். இலங்கையில் யுத்தம், வன்னியில் சனம் பங்கருக்குள் கிடந்தது. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கொப்பன்ஹேகனில் பதாகை பிடித்துக்கொண்டு குளிருக்குள் நின்றார்கள். என் கணவர் சிறீஸ்கந்தராசா, லெம்விக் பக்கத்துப் பன்றிப்பண்ணை ஒன்றின் கொட்டிலுக்குள், முப்பத்தொன்பது வயதான அமெரிக்கக் கார் ஒன்றின் கீழே மல்லாந்து கிடந்தார்.

இத்தனைக்கும் அந்த வன்னிக்குள்தான் அவருடைய ஒரே தம்பி வரதன், பெண்சாதி பிள்ளைகளோடு அகப்பட்டிருந்தான். ஜனவரியில் ஒருமுறை கதைத்தான். "அண்ணை, விசுவமடுவிலை நிக்கிறம், இனி எங்கை எண்டு தெரியேல்லை" என்றான். லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வீட்டுத் தொலைபேசி அடித்தால் நான் விழுந்தடித்து ஓடுவேன். யாராவது டெனிஷ்காரன் காப்புறுதி விற்க எடுத்திருப்பான். அவனை நான் தமிழில் திட்டாத திட்டு இல்லை.

லூர்தம்மா என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மனதில் ஒன்றும் வைத்திருக்கத் தெரியாதவள். ஒருநாள் படுக்கை விரித்துக்கொண்டு நிற்கும்போது முகத்துக்கு நேரே கேட்டாள். "தங்கம், தம்பிக்காரன் அங்கை சாகக் கிடக்கிறான், உன்ரை மனிசன் இஞ்சை கப்பல் மாதிரிக் கார் வாங்கிறாராம். உண்மையோ?" நான் என்னத்தைச் சொல்ல! வெட்கத்தில் தலையணை உறையை உட்புறம் வெளியே தெரியப் போட்டேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கேட்டேன். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ?"

"கை சும்மா இருந்தால் விசர் வருது தங்கம்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது. கதை என்று வந்தால் அவ்வளவு கஞ்சன்.

இவர் 1986இல் டென்மார்க் வந்தவர். சுன்னாகம் சந்தையில் இவருடைய தகப்பன், எங்களுக்கு ஐயா, மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாடகைக்கு ஓடினார். கறுப்பு நிறம். அதைக் கழற்றிப் பூட்டித்தான் இவர் வளர்ந்தது. இங்கே வந்து யன்னல் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, இருபத்தொரு வருடம் ஒரே இயந்திரத்தின் முன் நின்றிருக்கிறார். டெனிஷ் பேசினால் மேற்கு யூலண்ட் விவசாயி பேசுவது போல இருக்கும். கொப்பன்ஹேகன் ஆட்களுக்கு அதைக் கேட்கச் சிரிப்பு. எங்கள் மகள் சுஜீதாவுக்கும் சிரிப்புத்தான்.

ஹொல்ஸ்டெப்ரோவில் தமிழர் யாராவது பழைய கார் வாங்குவதென்றால் இவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாங்கமாட்டார்கள். பெண் பார்க்கப் போகிற மாதிரி நாலைந்து பேர் போவார்கள், இவர் மட்டும் வாய் திறக்கமாட்டார். விற்கிறவன் சொல்வதைக் கேட்கவும் மாட்டார். கதவைத் திறந்து குனிந்து பிரேக் பெடலின் ரப்பரைப் பார்ப்பார். மீட்டர் எண்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டும், ரப்பரோ ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும். "மீட்டரைத் திருப்பியிருக்கிறான், வாங்கோ போவம்" என்பார். வாங்க வந்தவருக்கு முகம் கறுத்துவிடும். ஆனால் இவர் பார்த்து வாங்கிய கார் ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை.

கார் விசயத்தில் இவருக்கு ஒரே ஒரு சட்டம். வாயால் சொல்வதை நம்பக்கூடாது, மூன்று இடத்தில் ஒன்றே வந்தால் நம்பலாம். அது கீரைக்கடை வரைக்கும் வீட்டில் நடைமுறையில் இருந்தது. நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த அமெரிக்கக் கார்ப் பைத்தியம் மேற்கு யூலண்ட்டில் ஒரு தனி உலகம். கோடை காலத்தில் வியாழக்கிழமைப் பின்னேரம் ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில், தாடியும் தோல் சட்டையுமாக ஆட்கள் தங்கள் கார்களைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் சுவெட்டர் போட்ட ஒரே தமிழர் இவர். அவர்கள் இவருடைய பெயரின் நீளத்தைப் பார்த்துப் பயந்து "ராசா" என்று சுருக்கிவிட்டார்கள். அங்கேதான் ஹென்னிங் பழக்கமானார். லெம்விக் பன்றிப்பண்ணைக்காரர் அவர்தான். 1970ஆம் ஆண்டு ஷெவ்ரலே ஷெவெல் ஒன்று அவரிடம் இருந்தது. கடும்பச்சை. எட்டுச் சிலிண்டர். இரண்டு வருடமாக இவர் கேட்டும் கொடுக்காத மனிதர், முழங்கால் ஏலாமல் போனதும் அந்த மார்ச் மாதம் தானாகவே தொலைபேசி எடுத்து, "ராசா, வந்து பார்" என்றார்.

நானும் போனேன். இவரைத் தனியே விட எனக்குப் பயம். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே கண் வெறித்துப் போய் இருக்கிற ஆள், வழியில் காரை எங்கே கொண்டுபோய்ச் செருகுவாரோ!

அந்த ஷெவெலில் ஒரு சூது இருக்கிறதாம். சாதாரண கார் ஒரு விலை, எஸ்.எஸ். என்று எழுத்து உள்ள வேக ரகம் ஐந்து மடங்கு விலை. ஆனபடியால் ஊரில் உள்ள கள்ளரெல்லாம் சாதாரண காருக்கு எஸ்.எஸ். எழுத்தை ஒட்டி விற்கிறார்களாம். காரின் பிறப்பிலக்கம் மட்டும் பார்த்தால் எது உண்மை என்று தெரியாது. முன்கண்ணாடிக்கு உள்ளே சிறிய தகட்டில் ஓர் இலக்கம். எஞ்சினின் முன்பக்கத்தில், வலது பக்க மூடிக்குச் சற்று முன்னால் அடித்த இலக்கம் இன்னொன்று. மூன்றாவதுதான் வேடிக்கை. கார் செய்யும்போது தொழிலாளிகள் பார்த்துப் பூட்டுவதற்கென்று ஒரு கடதாசி கூடவே வருமாம். வேலை முடிந்ததும் அதைப் பெற்றோல் டாங்கிக்கு மேலே செருகிவிட்டு மறந்துபோவார்களாம். அதிலும் அந்த இலக்கம் இருக்கும், எஸ்.எஸ்.ஆ இல்லையா என்றும் இருக்கும்.

"தகட்டைக் கழட்டி மாத்தலாம். எஞ்சினிலை புதுசா இலக்கம் அடிக்கலாம். டாங்கிக்கு மேலை இருக்கிறதை ஒருத்தனும் நினைக்கமாட்டான்" என்றார் இவர்.

ஹென்னிங்கும் இவரும் ஜாக் வைத்து டாங்கியைக் கீழே இறக்கினார்கள். எலி ஒரு மூலை தின்ற, காய்ந்த வாழைச்சருகு நிறக் கடதாசி ஒன்று மெய்யாகவே அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முன்கண்ணாடிக்கு வெளியே நின்று தகட்டிலிருந்ததை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். இவர் எஞ்சினில் வெளிச்சம் பிடித்து வாசித்தார். பிறகு கடதாசியில் வாசித்தார். மூன்றும் ஒன்று. இவர் சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு அந்த மனிதரின் பல்லை நான் அன்றைக்குத்தான் கண்டேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹென்னிங் தன் கார் போகிறதே என்று நான் அழுவதாக நினைத்து என் தோளில் தட்டினார்.

வாகனம் வாங்கினால் செய்வதைச் செய்யத்தானே வேண்டும்! நாலு சில்லுக்கும் கீழே வைத்து நசுக்க நாலு தேசிக்காய் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். சந்தனமும் இருந்தது. எஞ்சினில் ஒரு பொட்டு வைப்போம் என்று துணியை நனைத்து, அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊத்தையைத் துடைக்கப் போனேன்.

"தொடாதையும்! கையை எடும்!"

கல்யாணம் செய்து இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு கத்தல் நான் கேட்டதில்லை. ஹென்னிங்கின் நாய் எழும்பி வெளியே போய்விட்டது. தொழிற்சாலையில் அந்த இரும்பைச் செதுக்கிய மெல்லிய கோடுகள் அந்த ஊத்தைக்குக் கீழே இருக்கிறதாம். அதைத் தேய்த்துவிட்டால், யாரோ பழைய இலக்கத்தை அழித்துவிட்டுப் புதிது அடித்ததாக நாளைக்குச் சொல்வார்களாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபத்தில் சந்தனத்தை ஸ்டியரிங்கில் அப்பிவிட்டு வந்துவிட்டேன்.

கார் வீட்டுக்கு வந்தது. கராஜுக்குள் மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இனி இவருடைய சீவியம் அதற்குக் கீழேதான். இந்தக் காலத்து எண்ணெய் அதற்கு ஒத்துவராதாம், அதில் துத்தநாகம் குறைவாம், உள்ளே உருளுகிற தண்டு தேய்ந்துவிடுமாம். ஜெர்மனியிலிருந்து வேறு எண்ணெய் வந்தது. பிரேக் குழாய் எல்லாம் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி என் இட்டலித் தட்டில் பரப்பினார். பட்டரி என் உடுப்புத் தோய்க்கிற அறையில், என்னுடைய துவாயால் போர்த்தப்பட்டு, சார்ஜரில் உறுமிக்கொண்டு கிடந்தது. நான் ஏசினேன். ஏசினாலும் உள்ளுக்குள், இந்த மனிதர் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்ப்பதைவிட இது பரவாயில்லை என்றுதான் இருந்தது.

மே மாதம் யுத்தம் முடிந்தது என்றார்கள். தொலைக்காட்சியில் ஒன்று சொன்னார்கள், இணையத்தில் இன்னொன்று, தொலைபேசியில் வேறொன்று. எங்கள் வீட்டுக்கு வரதனைப் பற்றி மட்டும் மூன்று சேதி வந்தது. ஏப்ரலில் மாத்தளனில் செல் விழுந்து முடிந்துவிட்டான் என்று டோஸ்ட்ருப்பிலிருந்து ஒருவர் எடுத்துச் சொன்னார். அதே கிழமை, இல்லையில்லை, குடும்பத்தோடு கடலேரி கடந்து வந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். சுஜீதா எங்கிருந்தோ ஒரு முகாம் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் வரதன் என்ற பெயர் இருந்தது, தகப்பன் பெயர் சரி, வயது பிழை. அவன்தானா இவன்? செத்தவனுக்கு அழுவதா, இருக்கிறவனுக்கு நேர்வதா? நான் பிள்ளையாருக்குத் தேங்காய் எடுத்து வைத்துவிட்டு அதை உடைக்காமலே ஒரு கிழமை இருந்தேன்.

இவர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒண்டும் ஒண்டோடை ஒத்துவரேல்லை" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனார்.

ஜூன் முதல் கிழமை, மத்தியானம் தாண்டியிருக்கும். தொலைபேசி அடித்தது. திரையில் இலங்கை இலக்கம். எடுத்தேன். "மச்சாள், நான் வரதன். அண்ணை நிக்கிறாரோ?" குரல் கரகரத்துப் போயிருந்தது. வெறுங்காலோடு கராஜுக்கு ஓடினேன். காருக்குக் கீழே இருந்து இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. "வரதன்! வரதன்!" என்று அந்தக் காலைப் பிடித்து இழுத்தேன்.

இவர் வந்தார். எழுந்து நிற்கவில்லை, நிலத்தில் அப்படியே இருந்து, கிறீஸ் கையோடு தொலைபேசியை வாங்கி, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். "அண்ணை, முகாமிலை இருக்கிறன். ஃபோன் வேறை ஆளின்ரை, கனநேரம் கதைக்கேலாது" என்றது குரல்.

இவர் முகத்தைப் பார்த்தேன். பிரேக் பெடலைப் பார்க்கிற முகம்.

அந்தக் கிழமைதான் கோல்டிங்கில் ஒருவர், ஒன்றுவிட்ட சகோதரன் என்று தொலைபேசி எடுத்தவனிடம் குடும்பத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டு, பிறகு அவன் உளவுபார்க்க எடுத்த வேறு ஆள் என்று அறிந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கதை இவர் காதிலும் விழுந்திருந்தது.

"சின்னனிலை உனக்கு எங்கை காயம் பட்டது?"

"என்ன அண்ணை? முழங்காலிலை. இடது. கிணத்துக்கட்டிலை விழுந்தது."

"அம்மாவை ஐயா என்னெண்டு கூப்பிடுறவர்?"

"பூரணம் எண்டு. அண்ணை, ஏன் இதெல்லாம்..."

"ஐயான்ரை காரின்ரை இலக்கம் சொல்லு."

"ஈ.எல். 2068."

இவர் கண்ணை மூடினார். "திருப்பிச் சொல்லு."

"ஈ.எல். 2068. அண்ணை, நேரமில்லை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

இவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ன மனிசன் நீங்கள்! இரண்டு சரியாச் சொன்னவனெல்லோ! அவன்ரை குரல் தெரியேல்லையோ உங்களுக்கு?"

"இரண்டைக் கேட்டறிஞ்சுகொண்டு வரலாம். மூண்டாவதிலைதான் பிடிபடும்" என்றார். "ஐயான்ரை கார் ஈ.என். 4173. அந்தக் காருக்குள்ளைதான் நாங்கள் வளர்ந்தனாங்கள். அதை வரதன் மறப்பானோ?" எழும்பி உள்ளே வந்து, சப்பாத்து வைக்கிற இடத்துக்கு மேலே மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். 88ஆம் ஆண்டு ஐயா அனுப்பிய படம். கறுப்பு மொறிஸ் மைனரில் சாய்ந்து, இலக்கத் தகட்டை மறைத்துக்கொண்டு ஐயா நிற்கிறார். "இந்தக் கார். எனக்குத் தெரியாத காரோ?"

நான் அவரோடு கதைத்து மினக்கெடவில்லை. ரொறன்ரோவில் இவருடைய அக்கா ராசமலருக்கு எடுத்தேன். அங்கே காலைநேரம். நடந்ததைச் சொன்னேன். "அவனிட்டைக் குடு" என்றார்.

"டேய், எந்தக் காரைச் சொல்லுறாய்? அது எண்பத்தேழிலை செல் விழுந்து கராஜோடை எரிஞ்சதெல்லோ! பிறகு கனடாவுக்குப் போன ஒராள் விட்டிட்டுப்போன மொறிஸ் மைனரையெல்லோ ஐயா ஓடினவர். அதுவும் கறுப்புத்தான். உனக்குச் சொன்னால் நீ அங்கை தனிய இருந்து யோசிப்பாய் எண்டு ஐயா எழுத விடேல்லை. பிறகு ஆர் உதையெல்லாம் நினைச்சது? வரதன் கார் ஓடப் பழகினதே அதிலைதான்ரா."

இவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். கராஜில் பாவிக்கிற டோர்ச்சை எடுத்து வந்து அடித்துப் பார்த்தார். பழைய மொறிஸ் மைனரில், திரும்பும்போது சைகை காட்ட ஒரு சின்னக் கை வெளியே நீளுமாம். முன்கதவுக்குப் பின்னால் இருக்கிற தூணில் அதற்கென்று ஒரு நீண்ட பிளவு இருக்கும். எரிந்துபோன காரில் அது இருந்தது. படத்தில் இருக்கிற காரின் தூண் மொழுமொழுவென்று இருந்தது. எனக்கே தெரிந்தது.

"இது வேறை கார்" என்றார். சப்பாத்துகளுக்கு மேலேயே குந்திவிட்டார்.

சொல்லியிருக்கக்கூடாது, ஆனால் என் வாய் சும்மா இருக்குமா! "ஊரிலை உள்ளவன்ரை கார் எல்லாத்தையும் கண்டுபிடிப்பியள். உங்கடை ஐயான்ரை காரை இருபத்தொரு வருசம் சுவரிலை மாட்டி வைச்சுக்கொண்டு தெரியேல்லை." அப்போது சுஜீதா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "அப்பா, சித்தப்பா என்ன காரா?" என்று டெனிஷில் கேட்டாள். அவளுடைய குரலில் அழுகை இருந்தது.

அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தோம். ஒரு பெண் குரல் சிங்களத்தில் சொன்னது, தமிழில் சொன்னது, ஆங்கிலத்தில் சொன்னது. இணைப்பு இல்லை. அடுத்தநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. முகாமுக்குள் தொலைபேசி வைத்திருந்தால் பறிக்கிறார்களாம், ஆட்களைத் தனியே பிரித்துக் கொண்டுபோகிறார்களாம் என்று கதை வந்துகொண்டே இருந்தது. அவன் என்ன சொல்ல வந்தான்? "நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றானே! அதற்குள் வைத்துவிட்டாரே இந்த மனிதர். நான் நாலு நாள் அவரோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை. எனக்கு வந்தது கோபமா இரக்கமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

சுஜீதா செஞ்சிலுவைச் சங்கத்துப் படிவம் ஒன்றை எடுத்து நிரப்பி அனுப்பினாள். இவர் தொழிற்சாலையில் அளவு பிழைத்து யன்னல்களை வெட்டியதில், போர்மன் இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து அந்தக் காரில் கை வைத்தார். எட்டுச் சிலிண்டருக்கும் எட்டு வயர், ஒவ்வொன்றும் நெருப்புக் கொடுக்க ஒரு வரிசை இருக்கிறது. ஒன்று, எட்டு, நாலு, மூன்று, ஆறு, ஐந்து, ஏழு, இரண்டு. குளிக்கும்போதுகூட முணுமுணுப்பார், கேட்டுக் கேட்டு எனக்கே பாடம். அன்றைக்கு ஐந்தையும் ஏழையும் மாற்றிக் கொழுவிவிட்டார். திறப்பைத் திருப்பியதும் கார் இருமியது, பிறகு பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக் கிழவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தத்துக்கு இவர் கராஜ் மூலையில் குந்திவிட்டார், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு.

நான்தான் ஹென்னிங்கைக் கூப்பிட்டேன். முழங்காலை இழுத்துக்கொண்டு வந்து, பார்த்து, இரண்டு வயரையும் மாற்றிக் கொழுவினார். ஏன் பிழைத்தது என்று கேட்கவில்லை. கோப்பி குடித்தார். போகும்போது, "இந்தக் காரை ஒரு மாதம் தொடாதே, ராசா" என்று சொல்லிவிட்டுத் திறப்பைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். இவர் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு இவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். அது அடிக்கும், எடுப்பார். காப்புறுதிக்காரன். இவர் அவனோடுகூட மரியாதையாகக் கதைத்தார். எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

ஜூலை இரண்டாம் கிழமை, சனிக்கிழமை. நான் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டு நின்றேன். அடித்தது. வேறு ஓர் இலங்கை இலக்கம். இவர் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"வரதன், நீயோ? நான் அண்ணை. வைச்சிடாதை, தம்பி. நான் அண்டைக்குப் பிழை விட்டிட்டன்..."

மற்றப் பக்கத்தில் பிள்ளைகளின் சத்தமும் ஏதோ ஒலிபெருக்கி அறிவிப்பும் கேட்டது. கரகரத்த அந்தக் குரல் மெதுவாக வந்தது.

"அண்டைக்கு நான் எடுக்க ஒராள் என்னைக் கேள்வி கேட்டிட்டு வைச்சது. என்ரை அண்ணை அப்பிடிக் கேக்கிற ஆளில்லை. இஞ்சை சொந்தக்காரர் மாதிரிக் கதைச்சு ஆக்களைப் பிடிக்கிறாங்கள். நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. இப்ப நான் கேக்கிறன், சொல்லுங்கோ. என்ரை இரண்டாவது பிள்ளையின்ரை பேர் என்ன?"

இவர் நெற்றியைத் தேய்த்தார்.

அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது. பிறந்தபோது வரதன் எடுத்துச் சொன்னான். சமாதான காலத்தில் நான் அதற்கு இரண்டு சட்டை வாங்கி அனுப்பினேன், அந்தப் பொதியைத் தபால்கந்தோருக்குத் தூக்கிக்கொண்டு போனதே இந்த மனிதர்தான். எனக்குப் பெயர் தெரியும். கத்தியைப் போட்டுவிட்டு, மேசையில் கிடந்த கடிதவுறை ஒன்றை இழுத்து, "யாழிசை" என்று கொட்டை எழுத்தில் எழுதி இவருடைய முகத்துக்கு நேரே நீட்டினேன். இவர் என் கையைக் கண்டார். கண்டும், முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சுற்றிப்போய் மறுபடியும் நீட்டினேன். கண்ணை இறுக்கி மூடினார்.

"தெரியாது, தம்பி" என்றார். "மூத்தவன் பேர் தெரியும். இவளின்ரை தெரியாது. நீ சொன்னனி. நான் மறந்திட்டன்."

முடிந்தது, இனி அவன் வைத்துவிடுவான், இனி எடுக்கவும் மாட்டான். இந்த விசர் மனிதரின் நேர்மையைக் கொண்டுபோய்க் கடலில் போட!

மற்றப் பக்கத்தில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"அப்ப நீங்கள் அண்ணைதான்" என்றான் வரதன். "அவங்களெண்டால் பேரைப் பாடமாக்கி வைச்சுக்கொண்டெல்லோ எடுப்பாங்கள்."

நான் பக்கத்தில் நின்று ஓவென்று அழுதேன்.

"நாங்கள் நாலு பேரும் இருக்கிறம், அண்ணை. யாழிசை இந்தா என்ரை மடியிலைதான் இருக்கிறாள். யாழிசை எண்டு பேர். குடுக்கிறன், ஒருக்கால் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ."

தொலைபேசி கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்னப்பிள்ளையின் மூச்சு. இவர் என் கையிலிருந்த கடிதவுறையை வாங்கி, கண்ணைத் துடைத்துவிட்டு, அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்.